முதலில் படத்தைப் பாருங்கள்

கேள்வி: ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்காக நாற்பது படங்களுக்கான மாதிரி விடைகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் புதிய படம் ஒன்றைக் காட்டியதும் நான்கு வாக்கியங்களுக்கு மேல் பேச முடியாமல் நின்றுவிட்டேன். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற படத்தை வாய்விட்டுச் சொல்வதால் யாருக்கு என்ன பயன்? இன்னும் எத்தனை மாதிரிகளை மனப்பாடம் செய்தால் போதும்?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். மனப்பாடம் செய்த நாற்பதையும் மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் தடுமாறி நின்றதற்குக் காரணம் ஆங்கிலம் போதாமை அன்று. கண்ணெதிரே இருந்த படத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில், நினைவில் இருந்த நாற்பதில் எது இதற்குப் பொருந்தும் என்று தேடிக்கொண்டிருந்தீர்கள். தேர்வில் படத்தை வைப்பதன் நோக்கமே ஒப்பித்தலைத் தடுப்பதுதான். என்ன சொல்வது என்ற கவலையைப் படம் நீக்கிவிடுகிறது. அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பது மட்டுமே மதிப்பிடுவதற்கு மிஞ்சுகிறது.

எந்தத் தேர்வு என்பதை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும், ஏனெனில் கேட்கப்படுவது எல்லாவற்றிலும் ஒன்றல்ல. கேம்பிரிட்ஜ் நடத்தும் இடைநிலை ஆங்கிலத் தேர்வான பி1 பிரிலிமினரியில் ஒரே ஒரு படத்தை ஏறத்தாழ 1 நிமிடம் விவரித்தால் போதும். அதற்கு அடுத்த நிலையான பி2 ஃபர்ஸ்ட் தேர்விலோ 2 படங்களைத் தந்து, அவற்றை ஒப்பிடவும் மேலே அச்சிட்டிருக்கும் கேள்விக்கு விடை சொல்லவும் அதே 1 நிமிடத்தைத் தருகிறார்கள். அங்கே சட்டையின் நிறத்தையும் நாற்காலிகளின் எண்ணிக்கையையும் சொல்லிக்கொண்டிருப்பவர் கேள்வியைத் தொடாமலேயே நேரத்தை இழக்கிறார். பியர்சன் நிறுவனம் நடத்தும், கணினியிடம் பேசிப் பதிவு செய்யும் பி.டி.இ. அகாடெமிக் தேர்வில் 25 விநாடி பார்த்துவிட்டு 40 விநாடிக்குள் பேசி முடிக்க வேண்டும். பெரும்பாலும் வரைபடமோ அட்டவணையோதான் வரும். இந்த மூன்றுக்கும் ஒரே மாதிரி விடையை மனப்பாடம் செய்வது எப்படிப் பயன்படும்?

இனி, நான்கு வாக்கியங்களோடு நின்றுபோகும் சிக்கலுக்கு வருகிறேன். இதன் வேர் நம் மொழியின் அமைப்பில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ‘மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்’ என்று தமிழில் சொல்லும்போது இடம், செயல், நிலை எல்லாம் முன்னால் வந்து, பெண் கடைசியில்தான் வருகிறாள். இதே வரிசையில் சிந்தித்துவிட்டு ஆங்கிலத்தில் சொல்லப் புறப்படுபவர், வாக்கியம் முழுவதையும் மனத்தில் கட்டி முடிக்கும்வரை வாயைத் திறக்க முடியாது. ஆங்கிலத்தில் ஆளை முதலில் சொல்லலாம்: ‘எ உமன்’ என்று தொடங்கி, ‘இஸ் ஸ்டாண்டிங்’ என்று செயலைச் சொல்லி, ‘அண்டர் எ ட்ரீ’ என்று இடத்தைச் சேர்த்து, மூச்சு இருந்தால் ‘ஹோல்டிங் அன் அம்ப்ரெல்லா’ என்று நீட்டலாம். ஒவ்வொரு துண்டிலும் நிறுத்திக்கொள்ள முடியும் என்பதால், முழு வாக்கியமும் கையில் இல்லாமலே பேச்சைத் தொடங்கிவிட முடிகிறது.

வினைச்சொல்லிலும் ஒரு கவனம் வேண்டும். ‘நடக்கிறாள்’ என்ற நம் சொல் அன்றாட வழக்கத்துக்கும் இந்தக் கணத்துக்கும் பொதுவானது. ஆகவே ‘ஷி வாக்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். படத்தில் நடப்பதற்கு ‘ஷி இஸ் வாக்கிங்’ என்பதே சரி. அதுபோலவே, சட்டை அணிந்திருப்பவரை ‘இஸ் வேரிங்’ என்று சொல்ல வேண்டும். ‘இஸ் புட்டிங் ஆன்’ என்றால் அவர் அப்போதுதான் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருளாகிவிடும்.

இவற்றைவிடப் பெரிய குறை, கண்ணில் பட்டதைச் சொல்லி முடித்ததும் பேச்சும் முடிந்துவிட்டதாக நினைப்பது. நீங்கள் தமிழில் அப்படி நிறுத்துவதில்லையே. யாரோ இருவரின் படத்தைப் பார்த்தால், ‘அம்மாவும் மகளுமாக இருக்கலாம், எங்கோ புறப்படுகிறார்கள் போலிருக்கிறது’ என்று தயங்காமல் ஊகிக்கிறீர்கள். அந்த ஊகத்தை ஆங்கிலத்திலும் சொல்லுங்கள். ‘இருக்கலாம்’ என்பதற்கு ‘மைட் பி’ இருக்கிறது. ‘போலிருக்கிறது’ என்பதற்கு ‘இட் லுக்ஸ் ஆஸ் இஃப்’ இருக்கிறது. ‘இருக்க வேண்டும்’ என்பதற்கு ‘மஸ்ட் பி’ இருக்கிறது. நம் ‘வேண்டும்’ கட்டாயத்தையும் உறுதியான ஊகத்தையும் குறிப்பதுபோலவே ‘மஸ்ட்’ என்ற சொல்லும் இரண்டையும் குறிக்கிறது என்பது நமக்குக் கிடைத்த வசதி. ஊகத்தோடு காரணத்தையும் சேர்த்தால் பேச்சு தானாகவே நீளும்: தரை நனைந்திருக்கிறது, எல்லோர் கையிலும் மடக்கிய குடை இருக்கிறது, ஆகவே மழை இப்போதுதான் நின்றிருக்க வேண்டும். வரைபடங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே உயர்ந்தது எது, தாழ்ந்தது எது, போக்கு எத்திசையில் போகிறது என்பவற்றைச் சொல்வதே போதுமானது.

எல்லோருக்கும் தெரிகிற படத்தைச் சொல்வதில் என்ன பயன் என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி உங்களை உறுத்துகிறது என்றால், படத்தைப் பார்க்க முடியாத ஒருவரிடம் சொல்லிப் பழகுங்கள். நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் சொல்லச் சொல்ல அவரைக் காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். அவர் நாயை இடப்பக்கத்தில் வரைந்திருந்து உங்கள் படத்தில் அது வலப்பக்கத்தில் இருந்தால், நீங்கள் எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். முன்னால், பின்னால், ஓரத்தில், நடுவில் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் பட்டியலாகப் படிக்கும்போது மறந்துபோகும். இப்படித் தேவைப்பட்டுத் தேடும்போது நிலைத்துவிடும்.

படத்தில் இருக்கும் ஒரு பொருளுக்குப் பெயர் தெரியாவிட்டால் மௌனமாகிவிடாதீர்கள், பி.டி.இ. தேர்வில் 3 விநாடிக்கு மேல் மௌனம் நீடித்தால் ஒலிப்பதிவே நின்றுவிடும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பது நினைவுக்கு வராதவர், மணல் அள்ளிக்கொண்டு போவதற்கான, ஒரே சக்கரம் உள்ள சிறிய வண்டி என்று அதே ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம்.