பிரிண்ட் போட்டும் திரையில் எழுத்து வரவில்லையே, ஏன்?

கேள்வி: லவ் 2டி என்ற கேம் செய்யும் கருவியில், லுவா மொழியில் எழுதி ஒரு சின்ன கேம் செய்கிறேன். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் 'கதவு திறந்தது' என்று 3 விநாடி காட்ட வேண்டும். விசையை அழுத்தியதும் ஓடும் கீபிரெஸ்டு ஃபங்ஷனுக்குள், திரையில் எழுதும் லவ்.கிராபிக்ஸ்.பிரிண்ட் போட்டிருக்கிறேன். எர்ரரும் வரவில்லை, எழுத்தும் வரவில்லை.

பதில்: எழுத்து வரத்தான் செய்கிறது, நீங்கள் பார்ப்பதற்குள் அழிந்துவிடுகிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் காட்டும் ஒவ்வொரு படத்துக்கும்) லவ் செய்யும் வேலையின் வரிசை இது: முதலில் கீபோர்டு, மவுஸ் நிகழ்வுகள், பிறகு கணக்குகளுக்கான அப்டேட் ஃபங்ஷன், அப்புறம் திரையை முழுக்கத் துடைத்துவிட்டு, வரைவதற்கான டிரா ஃபங்ஷன். துடைப்பதற்கு முன் கீபிரெஸ்டிலோ அப்டேட்டிலோ எதை வரைந்தாலும் அது போச்சு. கரும்பலகையைத் துடைக்கப்போகிறவர் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதுவது மாதிரி.

அதனால் கீபிரெஸ்டில் வரையாதீர்கள், குறித்து மட்டும் வையுங்கள். 'செய்தி', 'மீதி' என்று இரண்டு வேரியபிள். பட்டனை அழுத்தியதும் செய்தியில் வாசகத்தையும் மீதியில் 3-ஐயும் போடுங்கள். அப்டேட்டுக்கு வரும் டிடி என்பது போன ஃபிரேமுக்குப் பிறகு கடந்த நேரம், விநாடியில். அதை மீதியிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். டிராவில், மீதி 0-க்கு மேல் இருந்தால் மட்டும் பிரிண்ட். ஃபிரேம்களை எண்ணி நேரம் பார்க்காதீர்கள். வேகமான கணினியில் 3 விநாடி 1 விநாடியாகிவிடும்.

இதற்குப் பிறகும் தெரியவில்லையா? டிராவில் எழுத்தைப் போட்ட பிறகு பின்னணிப் படத்தை வரைகிறீர்களா என்று பாருங்கள். கடைசியில் வரைவதுதான் மேலே நிற்கும். கேமரா நகர்வதுபோல் காட்ட, வரைவதையெல்லாம் நகர்த்தும் டிரான்ஸ்லேட் போட்டிருந்தால் எழுத்தும் சேர்ந்து நகர்ந்து திரைக்கு வெளியே போய்விடும். முதலில் புஷ் (இப்போதைய நிலையைச் சேமிக்கும்), பிறகு டிரான்ஸ்லேட், கேம் உலகத்தை வரைந்ததும் பாப் (சேமித்த நிலைக்குத் திரும்பும்), அதற்குப் பிறகு எழுத்து.

நிறத்தில் ஒரு பழைய தொல்லை உண்டு. 2018-இல் வந்த லவ் 11.0 பதிப்பிலிருந்து, நிறத்தைக் குறிக்கும் செட்கலர் 0 முதல் 1 வரைதான் எடுத்துக்கொள்ளும். பழைய பாடத்தைப் பார்த்து 200, 30, 30 என்று சிவப்பு போட்டால் வெள்ளைதான் வரும். பின்னணியும் வெள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

நடுவில் காட்ட பிரிண்டுக்குப் பதில் பிரிண்ட்எஃப்: x-க்கு 0, அகலத்துக்கு 800 (ஜன்னலின் இயல்பான அகலம்), கடைசியில் சென்டர். ஃபான்ட்டை உருவாக்கும் நியூஃபான்ட்டை, கேம் தொடங்கும்போது ஓடும் லோடில் ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். டிராவுக்குள் வைத்தால் ஃபிரேமுக்கு ஒரு ஃபான்ட் உருவாகி மெமரி ஏறிக்கொண்டே போகும்.

வாசகம் தமிழில் என்றால் தமிழ் ஃபான்ட் கோப்பு கட்டாயம் வேண்டும். அதைக் கொடுத்தாலும் 11-ஆம் பதிப்பில் 'கெ'யின் கொம்பு 'க'வுக்குப் பின்னால்தான் போய் நிற்கும். அந்த வாசகத்தைப் படமாகச் செய்து வைத்துக்கொள்வதுதான் சுலபம்.