ஐந்து வாட்டும் ஒரு தலைமுடியும்

வணக்கம் சார்,

எனக்குக் கொடைக்கானல் பக்கத்தில் பூம்பாறை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறேன். திண்டுக்கல்லில் பழைய சாமான் கடையில் ஒரு புரொஜெக்டர் மலிவாகக் கிடைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே வரிசையாக நீல லேசர் டையோடுகள். நாலைந்தைச் சேர்த்தால் ஐந்து வாட் வரை கொண்டுபோகலாம் என்று வீடியோவில் சொல்கிறார்கள். மரத்தில் பெயர் பொறித்து டூரிஸ்ட்டுகளுக்கு விற்கலாம் என்பது என் எண்ணம். எங்கள் மாமா, பூண்டுத் தோட்டத்தில் இறங்கும் காட்டுமாட்டை விரட்ட இது உதவுமா என்று கேட்கிறார். மைக்ரோவேவ் ஓவன் டிரான்ஸ்பார்மரை வைத்து கார்பன் டை ஆக்சைடு லேசரே செய்யலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்? 300 ரூபாய்க்குக் கிடைக்கும் பச்சைக் கண்ணாடி பாதுகாப்புக்குப் போதுமா? என் பெயரைப் போட வேண்டாம் சார், வீட்டில் படிப்பார்கள்.

அன்புள்ள தம்பி,

ஐந்து வாட்டில் தொடங்க வேண்டாம். அந்த டையோடுகளின் கால்களை அலுமினியத் தாளில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். விரலில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டாலே அவை செத்துவிடும். ஒரு வருடம் கழித்து அவற்றை எடுக்கலாம். நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் என் இடது கண்.

பதினைந்து வருடங்களுக்கு முன், ஒரு மார்கழிக் காலையில், பச்சை லேசர் பாய்ண்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை மிகவும் மங்கலாக வந்தது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து, முனையில் தூசி இருக்கிறதா என்று கிட்டே வைத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று விநாடிதான். வலி இல்லை, கூச்சமும் இல்லை. நாலு நாள் கழித்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது எதிரே போகும் டெலிபோன் கம்பி ஓரிடத்தில் அறுந்திருப்பதுபோல் தெரிந்தது. தலையைத் திருப்பினால் அறுந்த இடமும் கூடவே நகர்ந்தது. மதுரையில் கண் மருத்துவர் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். நடுவுக்குச் சற்றுக் கீழே கோடுகள் வளைந்து கிடந்தன, ஒரு கட்டத்தைக் காணவே காணோம். அது இன்றுவரை திரும்பவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது வலது கண்ணை மூடினால் ஓர் எழுத்து விழுந்துவிடுகிறது.

நடந்தது இதுதான். பச்சைப் பாய்ண்டருக்குள் இருப்பது பச்சை டையோடு அல்ல. 808 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை ஒரு டையோடு தருகிறது. ஒரு படிகம் அதை வாங்கி 1064 ஆக்குகிறது. இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாகத் தருகிறது. குளிரில் டையோடின் அலைநீளம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 நானோமீட்டர் குறைந்துகொண்டே போகும். முதல் படிகத்துக்கு 808-ஐ விட்டு விலகினால் பிடிக்காது, விழுங்காமல் விட்டுவிடும். பச்சை மங்கும், விழுங்கப்படாத அகச்சிவப்பு நேரே வெளியே வரும். அதைத் தடுக்கும் வடிகட்டியைப் பல மலிவுப் பாய்ண்டர்களில் வைப்பதே இல்லை. கொடைக்கானல் குளிரில் அது மங்கலாக இருந்ததால்தான் அபாயமாக இருந்தது. எனக்கு அன்று தெரியவில்லை.

இந்த ஆபத்து என் பாய்ண்டரோடு நிற்பதல்ல. அமெரிக்காவின் அளவியல் நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 122 பாய்ண்டர்களைச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டது. பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டு விதிக்குள் அடங்கவில்லை. ஒட்டியிருக்கும் லேபிளை நம்பிக் கண்ணைப் பணயம் வைக்க முடியாது.

கண்ணுக்கு லேசர் ஏன் இவ்வளவு கெடுதல் என்றால், நம் கண் நல்ல லென்ஸ் என்பதால்தான். சூரியனைப் பார்த்தால் விழித்திரையில் விழும் பிம்பம் சுமார் 0.16 மில்லிமீட்டர் அகலம். லேசர் கதிரின் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக வருவதால் கண் அதைச் சுமார் 0.02 மில்லிமீட்டர் புள்ளியாகக் குவித்துவிடும். ஆகவே ஒரே ஒரு மில்லிவாட் லேசர், விழித்திரையின் அந்தப் புள்ளியில், உச்சிவேளைச் சூரியனைவிடப் பல மடங்கு கடுமையாக விழுகிறது. கண் சிமிட்டிக்கொள்ளக் கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடியைக் கணக்கில் வைத்துத்தான் கண்ணுக்குத் தெரியும் லேசரில் ஒரு மில்லிவாட் வரைதான் இரண்டாம் வகுப்பு, அதாவது தற்செயலாகப் பட்டால் சிமிட்டுவதே கண்ணைக் காத்துவிடும் வகுப்பு என்று வரையறுத்தார்கள். 500 மில்லிவாட்டைத் தாண்டினால் நான்காம் வகுப்பு, அதுதான் மிக ஆபத்தானது. உங்கள் ஐந்து வாட், அந்த ஒரு மில்லிவாட்டைப்போல் ஐயாயிரம் மடங்கு. சிமிட்ட நேரம் இருக்காது. கதிரே கண்ணில் பட வேண்டும் என்றும் இல்லை. ஒரு திருகாணியின் பளபளப்பான தலை போதும். கிட்டே இருந்து பார்த்தால், மரத்தின்மேல் எரியும் அந்த நீலப் பொட்டே கெடுதல்தான்.

கண்ணாடி பற்றிக் கேட்டீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அலைநீளத்துக்கு ஒன்று. நீலத்தைத் தடுப்பது பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பச்சை நிறக் கண்ணாடி சிவப்பைத் தடுப்பதற்கு. நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. ஒளி அடர்த்தி எண் என்று ஒன்று எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு என்று அதன்மேல் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த எண் ஒன்று கூடினால் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும். எண் 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஐந்து வாட் அப்போது அரை மில்லிவாட். 300 ரூபாய்க் கண்ணாடியில் இந்த எண் உண்மையா என்று யார் சோதித்தார்கள்? வெயில் கண்ணாடி போட்டுக்கொள்வதைவிட அது மேல் என்று என்னால் சொல்ல முடியாது.

நம் மலையிலேயே, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் தூரத்தில், சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது 1899-ல் நிறுவிய கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம். போயிருப்பீர்கள். அங்கே யாரும் சூரியனுக்குள் கண்ணை விடுவதில்லை. மூன்று கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்து 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. பிம்பம் எங்கே போய் விழ வேண்டும் என்பது முன்பே தீர்மானித்த ஒன்று. 1909-ல் எவர்ஷெட் என்ற வானியலாளர் அங்கே சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். நிறமாலைக் கோடுகள் மயிரிழை நகர்ந்திருந்ததை அளந்துதான் அது தெரிந்தது. லேசர் செய்ய வருகிறவனுக்கும் முதல் கேள்வி எத்தனை வாட் என்பதல்ல, கதிர் எங்கே போய் முடியும் என்பது. டையோடை வாங்கும் முன்னே அதன் எதிர்ச் சுவரைக் கட்ட வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

ஆகவே சிவப்புப் பாய்ண்டர் ஒன்றோடு தொடங்குங்கள். ஒரு மில்லிவாட், 650 நானோமீட்டர். பச்சை வேண்டாம், காரணம் சொல்லிவிட்டேன். அதையும் கண்ணுக்குக் காட்டக் கூடாது. மேசைமேல் ஆடாமல் பொருத்துங்கள், கதிர் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு வராதபடி. எதிரே பளபளப்பில்லாத சுவர். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். அறை விளக்கு எரியட்டும். இருட்டில் கண்மணி விரிந்து ஏழு மில்லிமீட்டர் வரை வழி விடும், வெளிச்சத்தில் அது சுருங்கியிருக்கும்.

இப்போது அம்மாவின் தலைமுடி ஒன்றைக் கதிருக்குக் குறுக்கே கட்டுங்கள். இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் நடுவே வெளிச்சமும் இருபுறமும் வெளிச்சமும் இருளும் மாறிமாறியும் விழும். நடுவிலிருந்து முதல் இருள் எத்தனை தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, அளந்த தூரத்தால் வகுத்தால் முடியின் தடிமன். 17 மில்லிமீட்டர் வந்தால் முடி 76 மைக்ரோமீட்டர். வெறும் அளவுகோலை வைத்து ஒரு முடியை அளந்துவிட்டீர்கள்! ஒரு பழைய சிடியில் கதிரைப் பட விடுங்கள். அதன் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி, ஆகவே முதல் சிதறல் 24 டிகிரியில் விழ வேண்டும். டிவிடியில் இடைவெளி 0.74, கோணம் 61 டிகிரிக்கு எகிறும். கோணத்தை நீங்களே அளந்து இந்த எண்களைத் திருப்பிப் பிடியுங்கள். சாயங்காலம் மேகம் இறங்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் கதிர் முழுநீளக் கோடாய் அறைக்குள் தெரியும். அதிக வாட் கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு வேண்டியது இந்தக் கோடுதான், சமவெளியில் அதற்குப் புகை போடுகிறார்கள்.

அடுத்து டையோடை ஓட்டுவது. அதைப் பல்புபோல் நினைத்து மின்னழுத்தம் கொடுக்கக் கூடாது. சூடு ஏறினால் இழுக்கும் மின்னோட்டமும் ஏறும், அதனால் இன்னும் சூடாகும், கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் டிரைவர் வேண்டும். சிறு சிவப்பு டையோடுக்கு எல்எம்317 ஐசியும் 39 ஓம் ரெசிஸ்டரும் போதும், 1.25 வோல்ட்டை 39-ஆல் வகுத்தால் 32 மில்லியாம்பியர். அதை நேரே லேசரில் மாட்டாதீர்கள். லேசருக்குப் பதிலாக மூன்று சாதாரண 1என்4007 டையோடுகளையும் ஒரு ஓம் ரெசிஸ்டரையும் தொடராக வைத்துப் பொய்ச்சுமை செய்யுங்கள். அந்த ஒரு ஓமில் மீட்டர் எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறதோ அத்தனை மில்லியாம்பியர். எண் ஆடாமல் நின்றபின் சப்ளையை நிறுத்தி, கபாசிட்டரை வெறுமையாக்கி, அதன் பிறகே லேசர் டையோடு. ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் டையோடைச் சொருகுவதால்தான் புதியவர்கள் முதல் டையோடை இழக்கிறார்கள்.

கார்பன் டை ஆக்சைடு லேசர் வேறு உலகம். 1964-ல் அதை உருவாக்கியவர் பாராமதியில் பிறந்து புனேயில் படித்த குமார் படேல். 10.6 மைக்ரோமீட்டர் கதிர், கண்ணுக்குத் தெரியாது, விழித்திரைவரை போகாது, கருவிழியின் முகப்பையே சுட்டுவிடும். அதன் குழாய்க்குப் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மர் தருவது இரண்டாயிரம் வோல்ட்தான், ஆனால் அதன் பின்னால் நிற்கும் மின்னோட்டம் ஆளைக் கொல்லப் போதுமானது. தனியாக வீட்டில் செய்து செத்தவர்கள் உண்டு. அதற்கு வழி நான் எழுத மாட்டேன், யார் எழுதியிருந்தாலும் பின்பற்ற வேண்டாம். நம் மலைக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று அம்மா சொல்வாரே, அதே மெல்லிய காற்று. சமவெளியைவிட அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் பொறி இன்னும் தூரம் தாண்டும். மின்கருவிகளின் காப்பு இடைவெளிகள் பொதுவாக 2000 மீட்டர் உயரம் வரைக்கென்றே வகுக்கப்பட்டவை. சென்னையில் ஒருவர் வீடியோவில் விட்ட இடைவெளி கொடைக்கானலில் போதாமல் போகும்.

மாமாவின் காட்டுமாடு. இதைக் கேட்டதும் எனக்கு மனம் பதறிவிட்டது. மாட்டின் கண்ணுக்குள் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு, இரவில் டார்ச் அடித்தால் மின்னுவது அதுதான். இருட்டில் கண்மணி அகல விரிந்திருக்கும். அங்கே ஐந்து வாட் பட்டால் அது ஓடாது, குருடாகும். ஆயிரம் கிலோவைத் தொடும் ஆண் மாடு பார்வையில்லாமல் உங்கள் படிக்கட்டு வயல்களில் திரிந்தால் யார் வீட்டுச் சுவர் மிஞ்சும்? 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது, சிறைக்கே போக நேரும். பூம்பாறை கிண்ணம்போன்ற ஊர். இந்தச் சரிவிலிருந்து அடித்தால் எதிர்ச்சரிவின் ஜன்னலுக்கோ, மலைப்பாதையில் வளைவு திரும்பும் பஸ் டிரைவருக்கோ போய்ச் சேரும். கதிர் தூரத்தில் விளக்குபோல் மங்கிவிடாது. பூண்டு போன வலி எனக்குப் புரிகிறது. வனத்துறையில் பயிர்ச்சேத இழப்பீட்டுக்கு மாமாவை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், தோட்டத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு.

மரத்தில் பெயர் பொறிப்பது நல்ல தொழில். அதற்கு டையோடு சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. மூடிய பெட்டிக்குள் வேலை செய்யும், கதவைத் திறந்தால் தானே நின்றுவிடும் இயந்திரமாக வாங்குங்கள். உங்கள் கல்லூரி லேபில் இருந்தால் அங்கேயே பழகுங்கள். ஓடும்போது பக்கத்தைவிட்டு எழுந்து போகக் கூடாது, சில்வர் ஓக் பலகை பற்றிக்கொண்டால் ஊதி அணைக்க முடியாது. புகை வெளியே போக வழி வேண்டும். சாவிக்கொத்து செய்ய ரெக்சினைப் பொறிக்காதீர்கள். அது பெரும்பாலும் பிவிசி, எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். நெஞ்சுக்கும் ஆகாது, இயந்திரமும் துருப்பிடிக்கும்.

பெயரை மறைக்கச் சொன்னீர்கள், மறைத்துவிட்டேன். ஆனால் வீட்டில் சொல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், சுவிட்ச் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடி கேட்கும்போது அம்மாவிடம் எதற்கென்று சொல்லிவிடுங்கள். கருத்த முடி ஒன்று, நரைத்தது ஒன்று, இரண்டையும் மூன்று மூன்று முறை அளந்து எத்தனை மைக்ரோமீட்டர் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.