கோடெக் டிரைவை 'அன்லாக்' பண்ண காசு கேட்டா குடுக்கணுமா?

கேள்வி: மாமா ஜெர்மனியில வச்சிருந்த அமிகா 500-ங்கிற பழைய ஹோம் கம்ப்யூட்டர் இப்போ என்கிட்ட இருக்கு. ஃப்ளாப்பி டிரைவ் போயிடுச்சு, பதிலா ஃப்ளாப்பிக்கு பதில் பென் டிரைவைப் படிக்கிற கோடெக் யூஎஸ்பி டிரைவ் வாங்கி மாட்டினேன், ஒரு கேமும் ஓடல. கம்பெனி லாக் இருக்கு, வேற ஃபர்ம்வேர் (டிரைவை உள்ளேயிருந்து ஓட்டுற சாஃப்ட்வேர்) ஏத்தினா போர்டு செத்துடும், லைசென்ஸ் ஃபீஸ் குடுங்க அன்லாக் பண்ணித் தரேன்னு விற்றவர் சொல்றார். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க.

லாக் இருக்கிறது நிஜம்தான். ஆனா அது கம்பெனியோட ஃபர்ம்வேரை யாரும் உருவி காப்பி அடிக்கக்கூடாதுன்னு போட்டது, நீங்க புதுசா ஏத்துறதைத் தடுக்கிறதுக்கு இல்ல. லாக்கை எடுத்தா சிப் உள்ள இருக்கிறதை மொத்தமா அழிச்சுக்கும், அவ்வளவுதான். போர்டு சாகாது, ஏன்னா புதுசு ஏத்துற சின்ன புரோகிராம் சிப்புக்குள்ள தனி இடத்துல இருக்கு, பாதியில கரண்ட் போனாலும் மறுபடி முதல்லேர்ந்து ஏத்திக்கலாம்.

கேம் ஓடாததுக்கு காரணம், கம்பெனி போட்ட ஃபர்ம்வேருக்கு பிசியோட 1.44 எம்பி ஃப்ளாப்பிதான் தெரியும். அமிகாவோடது 880 கேபி, எழுதுற முறையே வேற.

இப்ப லைசென்ஸ் கதைக்கு வரேன். கோடெக்ல அமிகா ஃப்ளாப்பியும் ஓட வைக்கிற ஃபர்ம்வேர் வெளியில கிடைக்குது. அதுல கெய்ர் ஃப்ரேசர் எழுதின ஃப்ளாஷ்ஃப்ளாப்பி முழுக்க இலவசம். ஜான் ஃபிரான்சுவா டெல் நீரோவோட எச்எக்ஸ்சி ஃபர்ம்வேருக்குத்தான் உண்மையிலேயே லைசென்ஸ் காசு உண்டு. இப்படி காசு கேட்கிற விற்பனைக்காரங்க இலவசத்தை ஏத்திட்டு மத்ததோட பேரைச் சொல்லி கறந்துடுவாங்க, எந்த ஃபர்ம்வேர்னு கேட்டா பேச்சை மாத்துவாங்க. சால்டரிங் கூலி, டிஸ்ப்ளே மாட்டின கூலின்னு கேட்டா நியாயம், தாராளமா குடுங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க. எம்ப்ராய்டரி மெஷின், சிஎன்சி மெஷின், மியூசிக் கீபோர்டு மாதிரி ஏதாவதுல கம்பெனி ஃபர்ம்வேரோட ஒழுங்கா ஓடிட்டிருக்கிற கோடெக்கை கழட்டி அதுல வேற ஃபர்ம்வேர் ஏத்திடாதீங்க. சும்மா பார்ப்போமேன்னு கூட வேண்டாம், பழசை பேக்கப் எடுக்கவே முடியாது, அழிச்சா அழிச்சதுதான், மெஷின் நின்னு போச்சுன்னா வேற கோடெக் வாங்கணும். கம்பெனி தன்னோட ஃபர்ம்வேர் ஃபைலை டவுன்லோடுக்கு வச்சா என்ன குறைஞ்சுடப் போகுது, காசு குடுத்து வாங்கினவனுக்கு இதுகூட இல்லையா? அமெரிக்காவுல சொந்தப் பொருளோட டிஜிட்டல் பூட்டை ரிப்பேருக்காகத் திறக்கிறதுக்கே 3 வருஷத்துக்கு ஒரு தடவை காப்பிரைட் ஆபீஸ்ல விதிவிலக்கு கேட்டு நிக்கிறாங்க, உலகமே இப்படித்தான் இருக்கு.

உங்க கேஸ்ல இழக்க ஒண்ணுமில்ல, ஃப்ளாஷ்ஃப்ளாப்பியை ஏத்துங்க. முதல்ல மூடியைத் திறந்து சிப் மேல எஸ்டி கம்பெனி பேரா, ஆர்ட்டரி பேரான்னு பாருங்க, ரெண்டுக்கும் ஏத்துற சாஃப்ட்வேர் வேற. ரெண்டு பக்கமும் பென் டிரைவ்ல இருக்கிற மாதிரி பெரிய முனை (ஏ டைப்) இருக்கிற யூஎஸ்பி கேபிள் வேணும், அது மாட்டியிருக்கும்போது டிரைவுக்கு வேற பவர் குடுக்காதீங்க. அப்புறம் வர்ற அப்டேட்டுக்கு கேபிள் வேண்டாம், பென் டிரைவ்ல ஃபைலைப் போட்டு ரெண்டு பட்டனையும் அழுத்திக்கிட்டே ஆன் பண்ணா போதும். அமிகாவுக்குள்ள மாட்டும்போது டிரைவுக்குப் பின்னாடி ஜம்பர் (ரெண்டு பின்னை இணைக்கிற சின்ன மூடி) எஸ்0-ன்னு போட்ட இடத்துல இருக்கணும்.