புகைப் பரிசோதனையில் ஃபெயில்: கன்வெர்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2018 மாடல் பெட்ரோல் கார், பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிப்படி வந்தது). ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 1.1%, எச்.சி. (எரியாத ஹைட்ரோகார்பன்) 140 பி.பி.எம்.; ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்.மில் பார்த்தபோது சி.ஓ. 0.9%, லாம்ப்டா 0.95. ஃபெயில் என்று சொல்லிவிட்டார்கள். வண்டி நன்றாக ஓடுகிறது, மைலேஜ்தான் கொஞ்சம் குறைவு. புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் சீட்டில் உள்ள லாம்ப்டாவே கன்வெர்ட்டர் மூலகாரணம் இல்லை என்று சொல்கிறது.

பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் சி.ஓ. 0.3%, எச்.சி. 200 வரை போகலாம். ஹை ஐடிலில், அதாவது அந்த 2500 ஆர்.பி.எம்.மில், சி.ஓ. 0.2%, லாம்ப்டா 0.97 முதல் 1.03 வரை. லாம்ப்டா என்பது இன்ஜினுக்குள் போன காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதக் கணக்கு; சரியான கலவை என்றால் 1.00. கன்வெர்ட்டர் நல்லதோ கெட்டதோ, அந்த எண் பெரிதாக மாறாது. 0.95 என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. இந்த நிலையில் புது கன்வெர்ட்டர் போட்டாலும் சி.ஓ.வை எரிக்க அதற்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. எச்.சி. வரம்புக்குள் இருப்பதால் பிளக், காயில் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை; மிஸ்ஃபயர் இருந்தால் முதலில் எகிறுவது எச்.சி.தான்.

ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகள்) பேசும். முதலில் கூலன்ட் வெப்பநிலை. அரை மணி நேரம் ஓட்டியும் 60 டிகிரியைத் தாண்டவில்லையா? தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது, அல்லது சென்சார் தப்பாகச் சொல்கிறது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

அது சரியாக இருந்தால் ஃபியூயல் டிரிம் பாருங்கள்; இ.சி.யு. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்) அல்லது குறைக்கிறது (மைனஸ்) என்பதைக் காட்டும் எண் அது. டிரிம் பிளஸ்ஸில் 15, 20 என்று நிற்கிறது, கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் 0.1 வோல்ட்டிலேயே படுத்திருக்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் பொய் சொல்கிறது. பழைய ரக சென்சார் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஆனால் புதுசு வாங்கும் முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்கள் சேரும் இடம்) பக்கம் லீக் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே காற்று உள்ளே இழுத்தாலும் நல்ல சென்சாரே இப்படித்தான் காட்டும்.

டிரிம் மைனஸ்ஸில் ஆழமாக இறங்கியிருந்தால் கதை வேறு. இ.சி.யு. குறைத்தும் பெட்ரோல் எங்கிருந்தோ வருகிறது. பெட்ரோல் டாங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வின் குழாயை விரலால் அழுத்திப் பிடியுங்கள். டிரிம் பூஜ்யத்தை நோக்கி வந்தால் வால்வுதான். வராவிட்டால் ஒழுகும் இன்ஜெக்டர், அதிக ஃபியூயல் பிரஷர் பக்கம் போங்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள், ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

சோதனைக் குழாயைப் பாதி வெளியே இழுத்துப் பிடித்து பாஸ் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். சி.ஓ. நிறமும் மணமும் இல்லாத விஷம். மூடிய பார்க்கிங்கில் அதைச் சுவாசிப்பது உங்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான்.

பழுதை நீக்கியதும் இருபது நிமிடம் ஓட்டி, சூடு ஆறுவதற்குள் மறுபடி சோதியுங்கள். லாம்ப்டா 1.00க்கு வந்தும் சி.ஓ. இறங்கவில்லை என்றால், அப்போது கன்வெர்ட்டருக்குச் செலவு செய்யலாம்.