ஃபைட்டருக்கு ஒரு துணை – கடிதம்

அன்புள்ள சார்,

போன மாதம் மகளின் பிறந்தநாளுக்கு நீலநிற ஹாஃப்மூன் ஃபைட்டர் மீன் ஒன்று வாங்கினோம், வால் அரைநிலாபோல விரியும். மூன்று லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில், ஷோகேஸ் மேல் இருக்கிறது. தனியாக இருப்பது பாவம் என்கிறாள் மகள். அதனால் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் முகம்பார்க்கும் கண்ணாடியைப் பக்கத்தில் வைக்கிறோம். செவுளை விரித்துக்கொண்டு உற்சாகமாகிவிடுகிறது. தண்ணீர்மேல் நுரை நுரையாக விடுகிறது. அது ஜோடி தேடுகிறது, ஒரு பெண் மீனை வாங்கி விடலாம் என்கிறார் என் கணவர். கடைக்காரரோ இரண்டு கப்பியும் ஒரு சக்கரும் போடச் சொல்கிறார், சக்கர் தொட்டியைச் சுத்தம் செய்துவிடுமாம். இரண்டடித் தொட்டி வாங்க நாங்கள் தயார். எந்த மீன் ஒத்துப்போகும்? வாஸ்துப்படி தொட்டியை எந்த மூலையில் வைக்கலாம்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

வாஸ்து எனக்குத் தெரியாது. நேர்வெயில் விழாத, பிளக் பாயிண்ட் எட்டுகிற, எழுபது கிலோவுக்கு மேல் தாங்குகிற மூலை எதுவோ அங்கே வையுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் தண்ணீர் மட்டுமே ஐம்பது கிலோவைத் தாண்டும். ஷோகேஸ் தாங்காது.

மற்றதெல்லாம் அப்புறம். அந்த முகம்பார்க்கும் கண்ணாடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த அரைமணி நேரம்தான். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் உற்சாகம் என்று நினைப்பது போர்.

இந்த மீனின் ஊர் தாய்லாந்து. நெல்வயல், வாய்க்கால், புல் மண்டிய சேற்றுக்குட்டை என்று கணுக்கால் அளவுத் தண்ணீரில் வாழ்வது. ஒவ்வொரு ஆணும் செடிகளுக்கு நடுவே தனக்கென்று ஒரு சின்ன இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். இன்னொரு ஆண் உள்ளே வந்தால் செவுளை விரிக்கும், துடுப்புகளை விரித்துப் பக்கவாட்டில் நின்று தன்னைப் பெரிதாகக் காட்டும். பெரும்பாலும் வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். கடிபட்டாலும், தோற்றது துடுப்பைச் சுருட்டிக்கொண்டு புல்லுக்குள் போய்விடும். ஜெயித்ததும் அதோடு விட்டுவிடும். அதற்கு வேண்டியது எதிரியின் உயிரல்ல, அந்த இடம்.

மனிதன் இதை வளர்க்கத் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. சண்டைக்காகவே பொறுக்கிப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்தார்கள். காட்டு மீனைவிட வளர்ப்பு மீன் விடாமல் சண்டை போடுவது அதனால்தான். 1910இல் ரீகன் என்ற விலங்கியலாளர் இதற்குப் ‘பேட்டா ஸ்ப்லெண்டன்ஸ்’ என்று பெயர் வைத்தார், ஒளிர்வது என்று அர்த்தம். நாம் ஃபைட்டர் என்கிறோம். மனிதர்கள் ஏற்றிய குணத்தையே அதற்குப் பெயராகவும் வைத்துவிட்டோம்.

இப்போது உங்கள் கண்ணாடிக்கு வருகிறேன். அதில் தெரிகிற எதிரி துடுப்பைச் சுருட்டுவதில்லை, ஓடிப்போவதில்லை. இது விரித்தால் அதுவும் விரிக்கிறது, இது முட்டினால் அதுவும் முட்டுகிறது. முடிவே இல்லாத சண்டை, தினமும் அரைமணி நேரம். அனுபவமுள்ள சிலர் உடற்பயிற்சிக்கென்று ஓரிரு நிமிடம் காட்டுவார்கள். அதற்கு மேல் காட்டினால் சோர்ந்து போகும், சாப்பாட்டை விடும், சில மீன்கள் தங்கள் வாலைத் தாங்களே கடித்துக்கொள்ளும். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: அது தனிமையில் வாடவில்லை. கூட்டமாக வாழ்கிற இனமே இல்லை அது.

துணை மீன் விஷயத்திலும் எனக்கு இதே பேச்சுதான். ‘எது ஒத்துப்போகும்’ என்று எல்லோரும் பட்டியல் கேட்கிறார்கள். அதே பட்டியலைப் பார்த்து ஒருவர் மீன் விட்டால் வருடக்கணக்கில் இருக்கும், இன்னொருவர் விட்டால் மூன்றாம் நாள் மிதக்கும். தோற்றவன் போய் ஒளிய இடம் இருந்ததா என்பதுதான் வித்தியாசம். நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர் இருக்கும் தொட்டியில், விரட்டப்பட்ட மீன் எங்கே போகும்? சுற்றிச் சுற்றி அங்கேயே வரும். திரும்ப வந்ததைத் திமிர் என்றுதான் ஃபைட்டர் எடுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் மறைவிடங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் என்ற இரண்டு நீர்ச்செடிகளையும் கட்டையில் கட்டிவிடுங்கள், வேலம்பாசியை ஒரு பக்கம் அடர்த்தியாக விடுங்கள். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியக் கூடாது. வாதாங்கொட்டை மரத்திலிருந்து காய்ந்து உதிர்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் டீ நிறமாகும், பயப்பட வேண்டாம், அதன் ஊர்த் தண்ணீரே அப்படித்தான்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கப்பி வேண்டாம். ஆண் கப்பியின் வண்ண வாலைப் பார்த்தால் உங்கள் மீன் இன்னொரு ஃபைட்டர் என்றே நினைக்கும். கௌராமி அதே குடும்பத்து மீன், பங்காளிச் சண்டை வரும். டைகர் பார்ப் உங்கள் ஹாஃப்மூனின் வாலைப் பிய்த்துவிடும், அந்தப் பாரமான வாலோடு அதனால் தப்பி நீந்தவும் முடியாது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் ஏராளம். பெண் ஃபைட்டர் கூடவே கூடாது. அந்த நுரை, ஆண் மீன் முட்டைக்காகக் கட்டுகிற கூடு. முட்டையிட்டு முடிந்ததும் அதே ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தும். ஓட இடமில்லாவிட்டால் கொன்றும் விடும். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

சக்கர் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. கடையில் விரல் நீளம் இருக்கும், வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். அது பாசி தின்று சுத்தம் செய்வதைவிடப் போடுகிற கழிவு அதிகம். பசித்தால் மெதுவாக நீந்துகிற மீனின் உடம்பிலுள்ள வழவழப்பைச் சுரண்டித் தின்னும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் இன்று வலையைக் கிழித்துக்கொண்டிருக்கும் சக்கர்களில் பல இப்படி யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்து போனவைதான்.

சரி, எதை விடலாம்? ஹார்லிக்வின் ரஸ்போரா, ஆறு. இரண்டு மூன்றாக வாங்கினால் மிரளும், குறைந்தது ஆறு வேண்டும். கூட்டமாக நடுத்தண்ணீரில் திரியும், வால் சின்னது, வேகமாக விலகும். இரண்டு மாதம் அமைதியாகப் போனால், கூர்மையில்லாத மென்மணல் விரித்து பிக்மி கோரிடோராஸ் என்ற குட்டிக் கெளுத்தி ஆறு சேர்க்கலாம். அதோடு நிறுத்துங்கள். நத்தை வேண்டுமென்றால் நெரைட், அது நன்னீரில் குஞ்சு பொரித்துப் பெருகாது.

இப்போதே எந்த மீனையும் வாங்காதீர்கள். தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, ஆக்சிஜன் மோட்டாரின் காற்றை வால்வால் குறைத்து விடுங்கள். நீரோட்டம் பலமாக இருந்தால் ஹாஃப்மூன் களைத்துவிடும். குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் முறிக்கும் மருந்து கட்டாயம். வெப்பம் 25இலிருந்து 28 டிகிரி இருந்தால் போதும், மதுரையில் மார்கழி ராத்திரிகளை மட்டும் கவனியுங்கள். மூடி வேண்டும், ஃபைட்டர் எகிறிக் குதிக்கும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள், அது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கிற மீன்.

முதலில் ஃபைட்டரை மட்டும் விடுங்கள். காலையும் மாலையும் மூன்று குருணைத் தீனி, அதற்கு மேல் வேண்டாம். கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக வரவேண்டும். அதுவரை ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். பலர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், மீன் செத்துக்கொண்டிருக்கும்.

அதற்குள் ரஸ்போராக்களை வாங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பில், தனி ஸ்பாஞ்சோடு இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தொட்டிக்குள் விடும் நாளில் ஃபைட்டரை அந்தப் பழைய கிண்ணத்துக்கு மாற்றுங்கள். கட்டை, செடிகளை இடம் மாற்றி வையுங்கள், பழைய எல்லைகள் அழிந்துபோகும். ரஸ்போராக்களை முதலில் விடுங்கள். ஃபைட்டர் மறுநாள் வரட்டும், புது ஊருக்கு வந்த விருந்தாளிபோல.

முதல் நாள் செவுள் விரிக்கும், துரத்தும். அது சகஜம். இரண்டாம் நாளும் ஒரே மீனைக் குறிவைத்துத் துரத்தினாலோ, ஏதாவது ஒன்று துடுப்பை ஒட்டிக்கொண்டு மூலையிலேயே கிடந்தாலோ, வாலில் கடித்தெடுத்த வெட்டு தெரிந்தாலோ காத்திருக்காதீர்கள். வெளியே எடுக்க வேண்டியது ஃபைட்டரை. ரஸ்போராக்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்வரை அது கிண்ணத்தில் இருக்கட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அதனால் பெரிய தொட்டி வந்த சந்தோஷத்தில் அந்தக் கிண்ணத்தை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.