எனக்கென்று ஒரு திறமையும் இல்லை, என்னால் யாருக்கும் பயன் உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேலைக்குப் போகவில்லை, பாட்டு, ஓவியம் எதுவும் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கைகொடுத்த ஒரு சீட்டு விளையாட்டைச் சொல்கிறேன். கடையில் வாங்க வேண்டியதில்லை, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு சீட்டிலும் உங்களுக்குச் செய்யத் தெரிந்த ஒரு காரியத்தை எழுதுங்கள். பொறுமை, அன்பு என்று குணங்களை எழுத வேண்டாம், அவற்றை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. 'பேங்க் செலான் நிரப்புவேன்', 'ரவிக்கைக்குக் கொக்கி வைப்பேன்', 'கோபமாக இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன்' என்று வேலையாக இருக்கட்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குலுக்கி ஒன்றை எடுங்கள். இந்த வாரம் அது யாருக்கு உதவியது? ஆளையும் நடந்ததையும் பின்பக்கம் ஒரு வரியில் குறியுங்கள். யாருக்கும் இல்லையா, சரி, அப்படியே வைத்துவிடலாம்.

என்னிடம் 'போனில் ஆப் போட்டுக் கொடுப்பேன்' என்று ஒரு சீட்டு உண்டு. மாடி வீட்டுத் தாத்தா ரயில்வே பென்ஷன்காரர். நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். விரல் ரேகை தேய்ந்துபோனதால் மெஷின் எடுக்கவில்லை. போனில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி 2021இல் வந்துவிட்டதால் அதை முயன்றோம். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் அவர் பதற்றத்தில் இறுக்கி மூடிக்கொண்டார். போனைக் கீழே வைத்துவிட்டு, காபி குடிக்கச் சொல்லி, பேச்சுக் கொடுத்து, மறுபடி காட்டியபோது எடுத்துக்கொண்டது.

ஆப் போட்டதைத்தான் பின்பக்கம் எழுதினேன். அந்த வீட்டுப் பாட்டியிடம் ஒரு வெற்றுச் சீட்டைக் கொடுத்தபோது அவர் எழுதியது வேறு: 'வயசானவங்கள அவசரப்படுத்த மாட்டா.' அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆப்பை எந்தக் கடைப் பையனும் போட்டுக் கொடுத்திருப்பான்!

விளையாட்டின் உயிரே இதுதான். 1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 'ஜோஹாரி சன்னல்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பட்டியலில் இருக்கும் சொற்களிலிருந்து தன்னைக் குறிப்பவற்றைத் தானும் எடுக்க வேண்டும், பழகியவர்களும் எடுக்க வேண்டும். அவர்கள் எடுத்து, நாம் எடுக்காமல் விட்டவை நம் கண்ணுக்குத் தெரியாத பகுதி. நமக்குச் சுலபமாக வருவதை நாம் திறமைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் உங்கள் சீட்டுக்கட்டில் பாதியாவது மற்றவர்கள் எழுதிய சீட்டாக இருக்க வேண்டும் என்பேன்.

கேட்கும் விதம் முக்கியம். 'நான் எதில் கெட்டி?' என்றால் 'எல்லாத்துலயும்தான்' என்று முடித்துவிடுவார்கள். 'போன மாசம் நான் செஞ்சதுல எது உங்களுக்கு உபயோகமா இருந்துச்சு?' என்று கேளுங்கள். கேட்கும்போதே பேனாவையும் சீட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுபவர்கள்கூட எழுதிவிடுவார்கள்.