“பேப்பர் வந்திருக்கா?” என்று கைடு கேட்டால்

கேள்வி: ஓர் ஆய்விதழில் இணை ஆசிரியராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. என் பிஎச்.டி. கைடு போன் செய்து, “நம்ம பையன் பேப்பர் உங்ககிட்ட வந்திருக்கே, ரிவியூவுக்கு யார்கிட்ட போயிருக்கு, அவர் என்ன சொல்றார்?” என்று கேட்கிறார். எனக்கு எழுதவே கற்றுக்கொடுத்தவர். எப்படி மறுப்பது?

பதில்: உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் “ஆமாம் சார், வந்திருக்கு” என்று சொன்னாலே வரம்பு மீறியாகிவிட்டது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ இதில் கறாராக இருக்கிறது: பேப்பர் வந்ததா, எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ரிவியூவர் (அதாவது வெளியிடுவதற்கு முன் பேப்பரைப் படித்து மதிப்பிடும் துறை நிபுணர்) என்ன குறை சொன்னார், முடிவு என்ன, இதில் எதையும் கட்டுரையாளருக்கும் ரிவியூவருக்கும் தவிர வேறு யாரிடமும் சொல்லக்கூடாது.

போனிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: “சார், எந்தப் பேப்பரைப் பத்தியும் நான் வெளியில பேசக்கூடாது. பேப்பர் எழுதினவரையே இதழ் அலுவலகத்துக்கு மெயில் போடச் சொல்லுங்க.” அன்றைக்கே தலைமை ஆசிரியருக்கும் இரண்டு வரி எழுதிவிடுங்கள், இந்தப் பேப்பரில் என் கைடுக்குத் தொடர்பு இருக்கிறது, வேறு ஒருவரிடம் கொடுங்கள் என்று. கைடு கேட்காமலே இருந்திருந்தாலும் நீங்கள் விலகத்தான் வேண்டும்.

ஒரு போன் காலுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். 2007-ல் அவாண்டியா என்ற சர்க்கரை நோய் மருந்தால் மாரடைப்பு அபாயம் கூடுகிறது என்று சொன்ன கட்டுரை ஒன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு வந்தது. அது அச்சாகும் முன்பே, ரிவியூவுக்கு வாங்கியவர் அந்த மருந்தைத் தயாரித்த கம்பெனிக்கே பிரதியை அனுப்பிவிட்டார். இன்னொரு சம்பவத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை: அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் நிராகரித்த ஒரு பேப்பரை அதன் ரிவியூவரே எடுத்து, நோயாளிகளை மட்டும் வேறு ஆட்களாகக் காட்டி, தன் பெயரில் வேறொரு இதழில் போட்டுவிட்டார். பல வருட உழைப்பை இன்னும் யாரும் பார்க்காத நிலையில் ஒருவர் நம்பி நம் கையில் கொடுக்கிறார், அதை நாம் இப்படியா பார்த்துக்கொள்வது?

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தரவுகள் போலி என்று சந்தேகம் வந்தால் ரகசியம் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது. முதலில் கட்டுரையாளரிடம் விளக்கம் கேளுங்கள், அது சரிப்படவில்லை என்றால் அவருடைய நிறுவனத்துக்கு எழுதுங்கள். 1997-ல் தொடங்கிய கோப் என்ற வெளியீட்டு நெறிமுறைக் குழு, எந்தச் சூழலில் அடுத்து என்ன செய்வது என்று படிப்படியாகப் படம் போட்டே வைத்திருக்கிறது.

கேள்வி: ரிவியூ எழுத நேரமில்லை. பேப்பரைச் சாட்ஜிபிடியில் போட்டுச் சுருக்கம் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். போட்ட பிறகு அந்தப் பேப்பர் எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ரகசியத்துக்கு உறுதி இல்லாத மென்பொருளில் ரிவியூவர்கள் ஏற்றக்கூடாது என்று ஐசிஎம்ஜேஇ 2023-லேயே விதியில் சேர்த்துவிட்டது. நேரமில்லை என்றால் இன்றே எடிட்டருக்கு எழுதி விலகிவிடுங்கள், அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அப்புறம், டவுன்லோட் செய்த பிரதியை அழித்துவிடுங்கள்.